டியன் பியன் பூவில் மோதிய இரண்டு படைகள்: சுமந்தவர்கள் யார்?

மேட்டுத்தெரு

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் வேறோர் இழையில் வியட்நாம் பற்றிப் பேச்சு வந்தபோது, "சைக்கிளும் மூங்கிலும் வைத்திருந்த விவசாயிகள் பிரெஞ்சு வல்லரசை விரட்டினார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மேடைகளில் நான் சிறு வயது முதல் கேட்டுவரும் வாக்கியம். கேட்கும்போது உடல் சிலிர்க்கும். ஆனால் 1954-இல் வியட்நாமின் டியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை தோற்ற அந்தப் போரைப் பற்றிப் படிக்கப் படிக்க, இது இரண்டு தரப்புக்குமே அநியாயம் செய்யும் வாக்கியம் என்று தோன்றுகிறது. அதனால்தான் இந்தத் தனி இழை.

முதலில் "பிரெஞ்சுப் படை" என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். 1954 மார்ச் 13 மாலை முதல் தாக்குதல், பியாட்ரிஸ் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயரிட்டிருந்த அரண் குன்றின்மேல் நடந்தது. அதைக் காத்து நின்றது அயல்நாட்டவரைக் கொண்ட லெஜியன் படையணி; அதில் ஜெர்மானியர்கள் ஏராளம். அடுத்து வீழ்ந்த காப்ரியேல் குன்றில் இருந்தவர்கள் அல்ஜீரியர்கள். ஆன் மரி குன்றில் அந்த மலைப்பகுதியின் தை இனத்தவர். எலியான் குன்றுகளில் மொராக்கோ வீரர்கள். பீரங்கிகளுக்குப் பக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்கர்கள். பாராசூட் படையணிகளில் வியட்நாமியர்கள். ஐந்தாம் வியட்நாமியப் பாராசூட் படையணி என்றே ஒன்று தனியாக இருந்தது. கட்டாய ராணுவச் சேவையில் இருந்த பிரான்சு நாட்டு இளைஞர்களை வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவுக்கு அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. தன் பிள்ளைகளை அனுப்பத் துணியாத நாடு, தான் ஆண்ட மற்ற நாடுகளின் பிள்ளைகளை அனுப்பியது. செலவுக்கும் அமெரிக்காதான். 1954 வாக்கில் போர்ச் செலவில் முக்கால் பங்கு அளவுக்கு அமெரிக்கப் பணம்.

எதிர்த்தரப்பு வியட் மின் என்ற விடுதலை இயக்கத்தின் படை. அது 1944 டிசம்பர் 22 அன்று காவோ பாங் காட்டில் 34 பேருடன் தொடங்கியது. நாட்டுத் துப்பாக்கிகளும் ஏதேதோ கைத்துப்பாக்கிகளும் ஏந்திய கூட்டம். தலைவர் வோ நுயென் கியாப், ஹனோயில் வரலாற்று வாத்தியாராக இருந்தவர். ஒன்பதே ஆண்டுகளில் அது 308, 312, 316 என்று எண் போட்ட டிவிஷன்களும் 351 என்ற கனரக டிவிஷனும் கொண்ட முழுமையான ராணுவமாகிவிட்டது. இந்த மாற்றத்தைச் சொல்லாமல் வெறும் மூங்கில் கதை சொன்னால், அந்த ஒன்பது ஆண்டு உழைப்பை நாம் அவமதிக்கிறோம்.

இரண்டு படைகளும் எப்படி உருவாயின, எதைக் கொண்டு நின்றன என்பதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கரிசல்காட்டான்

நல்ல இழை, ஐயா. நான் கல்லூரிக் காலத்தில் படித்ததெல்லாம் வியட்நாம் என்றால் கெரில்லாப் போர் என்றுதான். மறைந்திருந்து அடித்துவிட்டு மறைந்துவிடுவது. டியன் பியன் பூ அப்படி இல்லையா?

இன்னொன்றும் எனக்கு விளங்கியதே இல்லை. சுற்றிலும் மலை இருக்க, பிரெஞ்சுக்காரர்கள் ஏன் பள்ளத்தாக்கின் அடியில் போய் உட்கார்ந்தார்கள்? மேட்டைப் பிடிக்க வேண்டும் என்பது கண்மாய்க் கரையில் கல்லெறிந்து விளையாடும் பையனுக்குக்கூடத் தெரியுமே.

மேட்டுத்தெரு

கரிசல்காட்டான், இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன். அவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1952 கடைசியில் நா சான் என்ற இடத்தில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். நடுவில் விமான ஓடுதளம், சுற்றிலும் அரண்கள், எல்லாப் பொருளும் வானத்திலிருந்து. கியாப் மோதினார், கடுமையான இழப்போடு பின்வாங்கினார். அந்த வெற்றியைத்தான் இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படைத் தளபதியான நவார் பெரிய அளவில் மறுபடி செய்ய நினைத்தார். லாவோசுக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும், பழைய ஓடுதளம் ஒன்று இருக்க வேண்டும். இரண்டும் டியன் பியன் பூவில் இருந்தன. 1953 நவம்பர் 20 அன்று பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். மலைகள் தொலைவில் இருக்கின்றன, அங்கே பீரங்கியை ஏற்ற வழியே இல்லை, ஏற்றினாலும் ஒன்றிரண்டு முறை சுடுவதற்குள் நொறுக்கிவிடலாம் என்பது கணக்கு. அந்த உறுதியைக் கொடுத்தவர் பீரங்கிப் படைத் தலைவர் கர்னல் பிரோத். இரண்டாம் உலகப் போரில் ஒரு கையை இழந்தவர். மார்ச் 13 அன்று பீரங்கிகள் முழங்கின. முதல் இரவிலேயே பியாட்ரிஸ் போயிற்று, அதன் தளபதியும் போனார். இரண்டு நாளில் பிரோத் தன் பதுங்கறையில் கையெறிகுண்டால் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கெரில்லாப் போரா என்று கேட்டீர்கள். இல்லை. முற்றுகைப் போர். 105 மில்லிமீட்டர் ஹோவிட்சர் பீரங்கிகளை மட்டும் எண்ணினால் இரு பக்கமும் ஏறத்தாழ 24. பிரெஞ்சுக்காரர்களிடம் கூடுதலாக 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு, துண்டு துண்டாக விமானத்தில் கொண்டுவந்து பூட்டிய டாங்கிகள் பத்து, அதற்கு மேல் விமானப்படை. வியட் மின் பக்கம் 75 மில்லிமீட்டர் மலைப் பீரங்கிகளும் 37 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் இருந்தன. வேறுபாடு அவற்றை வைத்த விதத்தில் இருந்தது. பிரெஞ்சுப் பீரங்கிகள் எல்லாப் பக்கமும் திருப்பிச் சுட வசதியாகத் திறந்த குழிகளில் நின்றன. மலையிலிருந்து பார்ப்பவனுக்கு அவை உள்ளங்கையில் வைத்ததுபோலத் தெரியும். வியட் மின் பீரங்கிகள் மலைச் சரிவைக் குடைந்த குகைகளுக்குள் இருந்தன. வெளியே நீளுவது குழாய் மட்டும்.

அந்த 105 மில்லிமீட்டர் பீரங்கி ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். லாரி போகும் இடத்துக்கு அப்பால் மனிதர்கள்தான் இழுத்தார்கள். இரவில் மட்டும். கயிறு பிடித்து நூறு பேர் வரை. ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரு மூச்சில் இழுப்பார்கள், சக்கரம் ஒரு சாண் நகரும், உடனே பின்னால் மரக்கட்டையைச் செருகுவார்கள். மறுபடி குரல், மறுபடி ஒரு சாண். இறக்கத்தில் இன்னும் மோசம், கயிறு அறுந்தால் பீரங்கி பள்ளத்தில்.

இப்படி ஏற்றி முடித்து, தாக்குதலுக்கு நாளும் குறித்துவிட்டு, 1954 ஜனவரி 26 அன்று கியாப் அதை நிறுத்தினார். "விரைவாக அடி, விரைவாக வெல்" என்றிருந்த திட்டத்தை "உறுதியாக அடி, உறுதியாக முன்னேறு" என்று மாற்றினார். ஏற்றிய பீரங்கிகளை அதே வழியில் இறக்க வேண்டியதாயிற்று. அப்படி இறக்கும்போது சறுக்கிய பீரங்கியின் சக்கரத்துக்கு அடியில் தன் உடலைக் கொடுத்து நிறுத்தியவராகத் தோ வின் தியன் என்ற வீரரை வியட்நாம் இன்றும் நினைவு கூர்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்தப் போரின் மிகப் பெரிய முடிவு இந்த ஜனவரி 26தான். வெற்றி கைக்கு எட்டியதுபோலத் தெரியும் நேரத்தில், களைத்துப் போன ஆட்களிடம் "இறக்குங்கள்" என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

நெடுவழி

நான் இந்திய ராணுவத்தில் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் 22 ஆண்டுகள் இருந்தவன். கோவேறு கழுதைகளோடு இமயமலையில் நடந்த அனுபவம் உண்டு. அந்தக் கண்ணோடு சில சொல்கிறேன்.

சைக்கிளைப் பற்றிப் பேசும் பலர் அதை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று நினைக்கிறார்கள். ஓட்டவில்லை, தள்ளினார்கள். கைப்பிடியில் ஒரு மூங்கிலை நீளமாகக் கட்டி, பக்கவாட்டில் நடந்தபடியே திருப்ப வழி செய்தார்கள். இருக்கைக்குப் பின்னால் இன்னொரு மூங்கிலைச் செங்குத்தாக நட்டு அதைப் பிடித்துத் தள்ளினார்கள். சட்டத்தை இரும்பும் மரமும் வைத்துக் கட்டினார்கள். டயர் வெடிக்காமல் இருக்கப் பழைய துணியைக் கிழித்து உள்ளே சுற்றினார்கள். இப்படிச் செய்தால் ஒரு சைக்கிள் 200 கிலோவைத் தாங்கும்; 300 கிலோவுக்கு மேல் தள்ளியவர்களும் உண்டு. தோளில் சுமப்பவனால் 25 கிலோவோடு நாள் முழுவதும் மலையேற முடிந்தால் பெரிது. சுமார் 20,000 சைக்கிள்கள், அவற்றில் பல பிரான்சிலேயே தயாரானவை.

ஆனால் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். சுமையில் பெரும்பகுதியை நகர்த்தியது லாரி. சோவியத் நாட்டில் தயாரான "மொலோட்டோவா" லாரிகள், சீன எல்லையிலிருந்து தொடர் ஓட்டம்போல இரவிரவாக ஓடின. பகலில் குண்டு போட்டு அறுத்த சாலையை அன்றிரவே மண் போட்டு மூடினார்கள். சைக்கிளை மட்டும் படம் பிடித்துக் காட்டுவதால் லாரி ஓட்டுநர்களும், மண்வெட்டியோடு சாலையோரத்திலேயே குடியிருந்தவர்களும் மறைந்து போகிறார்கள். சீனாவின் பங்கும் அப்படித்தான். 1950 ஜனவரியில் வியட் மின் அரசைச் சீனா அங்கீகரித்த பிறகு எல்லை திறந்தது. பயிற்சி, பீரங்கி, ஆலோசகர்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தன. அந்த 105 மில்லிமீட்டர் பீரங்கிகளே அமெரிக்காவில் வார்த்து, சீன உள்நாட்டுப் போரிலும் கொரியாவிலும் கைமாறியவை.

அரிசிக் கணக்குதான் என்னைத் தூங்கவிடாத கணக்கு. தோளில் சுமப்பவனும் சாப்பிட வேண்டும், திரும்பி வரவும் சாப்பிட வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தால், போய்ச் சேரும் அரிசியைவிடப் பல மடங்கு அரிசி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகையால் ஆற்றில் மூங்கில் தெப்பம் விட்டார்கள், உள்ளூர் மலைக்கிராமங்களில் நெல் வாங்கி அங்கேயே குத்தினார்கள். ஏறத்தாழ 2,60,000 பொதுமக்கள் இந்த வேலையில் இருந்தார்கள். "தான் காங்" என்பார்கள். அதில் பெண்கள் மிகுதி. போரிட்ட வீரர்கள் ஏறத்தாழ 50,000 என்றால், ஒவ்வொருவனுக்குப் பின்னாலும் ஐந்து பேர் நடந்திருக்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல்

மேட்டுத்தெரு ஐயாவும் நெடுவழி ஐயாவும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மறுக்க எதுவும் இல்லை, ஆனால் சேர்க்க வேண்டியது இருக்கிறது. அந்த 2,60,000 பேரும் மனமுவந்து நடந்தவர்கள் என்று நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம்?

1953 டிசம்பரில் நிலச்சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. உழுபவனுக்கு நிலம் என்ற வாக்குறுதி களத்தில் இருந்த வீரனையும் சுமந்த பெண்ணையும் நிமிர்த்தியது உண்மை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்பது என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சீர்திருத்தத்தில் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1956-இல் அந்த அரசே தவறு நடந்தது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மக்கள் முன்னிலையில் அதைச் சொன்னவர் இதே கியாப்தான்.

களத்திலும் எல்லோரும் பாறைபோல நிற்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் எலியான் குன்றுகளில் அலையலையாக ஏறி, பிணக்குவியலாகச் சரிந்தார்கள். ஏப்ரல் கடைசியில் படையில் சோர்வும் தயக்கமும் பரவி, அதைச் சரிசெய்யக் கியாப் அரசியல் பொறுப்பாளர்களைத் திரட்ட வேண்டி வந்தது. வியட்நாம் அரசு சொல்லும் கணக்குப்படியே இறந்தவர்கள் நாலாயிரம் பேர். பிரெஞ்சுத் தரப்பு மதிப்பீடு அதைப்போல இரு மடங்கு. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். வென்ற பக்கம் என்பதற்காக அந்தப் பயத்தை நாம் ஏன் மறைக்க வேண்டும்? பயந்தும் ஏறினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கரிசல்காட்டான்

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. அப்படியானால் பிரெஞ்சுப் பக்கம் சுமந்தவர்கள் யார்? அங்கேயும் யாராவது தூக்கியிருப்பார்களே?

மல்லிகைப்பந்தல்

கைதிகள். பிரெஞ்சு ராணுவம் பிடித்துவைத்திருந்த வியட்நாமியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்திருந்தார்கள். "பிம்" என்று சுருக்கப் பெயர். அவர்கள்தான் பதுங்குகுழி வெட்டினார்கள், மரம் சுமந்தார்கள். மார்ச் கடைசியில் ஓடுதளம் பயனற்றுப் போன பிறகு எல்லாமே பாராசூட்டில் விழுந்தன. குண்டு மழைக்கு நடுவே ஓடிப்போய் அந்தப் பெட்டிகளைத் தூக்கிவந்தவர்களும் அவர்களே. தங்கள் சொந்தப் படையின் மேல் சுடுவதற்கான குண்டுகள் அவை. கூடாரம் இல்லை, முறையான பதுங்கிடம் இல்லை. எத்தனை பேர் மடிந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே எழுதவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த தை இனத்தாரின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். தூண்மேல் நிற்கும் அவர்களுடைய மரவீடுகளைப் பிரித்துத்தான் பதுங்குகுழிகளுக்குக் கூரை போட்டார்கள். இரண்டு படைகளில் எதையும் அவர்கள் கூப்பிடவில்லை.

மேட்டுத்தெரு

மல்லிகைப்பந்தல், தலைவணங்குகிறேன். கைதிகளைப் பற்றி ஓரிரு வரிதான் படித்திருந்தேன், இப்படி இணைத்துப் பார்க்கவில்லை. தான் காங் எல்லோரும் மனமுவந்து வந்தவர்கள் என்று நான் வாதிட மாட்டேன். ஊர்க்குழு பெயர் எழுதினால் மறுப்பது எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் ஒன்று. இரவில் காட்டுப் பாதையில் சைக்கிள் தள்ளும் 2,60,000 பேருக்கும் காவல் போட எந்தப் படையாலும் முடியாது. தப்பியோட நினைத்தால் நான்கு பக்கமும் காடு. பெரும்பாலோர் ஓடவில்லை, போய்ச் சேர்த்தார்கள். இந்த இடத்தில் நான் நிற்கிறேன்.

நெடுவழி

ஒரு பழைய கணக்கையும் பதிய வேண்டும், நம்மவர் தொடர்புடையது. 1945 செப்டம்பரில் ஜப்பானியரிடம் ஆயுதங்களை வாங்குவதற்காகத் தெற்கு வியட்நாமின் சைகோனில் வந்து இறங்கியது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 20-ஆம் டிவிஷன், தளபதி கிரேசி. செப்டம்பர் 2 அன்று ஹனோயில் வியட் மின் தலைவர் ஹோ சி மின் விடுதலையை அறிவித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கிரேசி சிறையிலிருந்த பிரெஞ்சு வீரர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார். 23-ஆம் தேதி அவர்கள் அரசுக் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். எதிர்ப்பு வெடித்தபோது அதை அடக்க நம் சிப்பாய்களோடு, சரணடைந்த ஜப்பானியப் படையையும் பயன்படுத்தினார்கள். சொந்த நாடு அடிமையாக இருக்க, இன்னொரு நாட்டின் விடுதலையை அடக்க இந்தியச் சிப்பாய் அனுப்பப்பட்டான். நேரு அப்போதே வன்மையாகக் கண்டித்தார். நான் அணிந்த அதே ராணுவ மரபின் சீருடை அது. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அரசலாற்றங்கரை

பல நாள் படித்துவிட்டுப் போகிறவன், இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் காரைக்கால். என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே "சொல்தா தாத்தா"; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய்.

பிரெஞ்சு இந்தியாவிலிருந்து சைகோனுக்குப் போவது எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பழைய வழக்கம். காவல்துறை, வரி அலுவலகம், ராணுவம் என்று இரண்டு மூன்று தலைமுறை போயிருக்கிறது. தாத்தா போனது வறுமையால். வீட்டில் ஆறு பேர், நிலம் கிடையாது. டியன் பியன் பூவில் அவர் இல்லை. சைகோன் துறைமுகத்தில் கிடங்குக் காவல். வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைத்தால் அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போவார். செட்டியார் கடைகளில் ஊர்ச் செய்தி கிடைக்குமாம்.

அவர் போரைப் பற்றிப் பேசியதே இல்லை. பிடிவாதமாகக் கேட்டால் ஒன்றை மட்டும் சொல்வார். கிடங்கில் பெட்டி தூக்கிய கைதிகளில் ஒரு பையன், பதினாறு பதினேழு வயதிருக்கும், தினமும் இவரைப் பார்த்து ஏதோ கேட்பானாம். இவருக்கு மொழி புரியாது. சில வாரம் கழித்து மொழி தெரிந்த ஒருவரிடம் கேட்டபோது, "நீ எங்களைப்போலக் கறுத்தவன்தானே, உன் ஊரும் இவர்களிடம்தான் இருக்கிறதா?" என்பதுதான் அந்தக் கேள்வி என்று தெரிந்ததாம். மறுநாள் பதில் சொல்லலாம் என்று போனபோது அந்தப் பையன் அங்கே இல்லை. இதைச் சொல்லிவிட்டுத் தாத்தா எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

மேட்டுத்தெரு

அரசலாற்றங்கரை, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் தாத்தா ஊர் திரும்பியது எப்போது?

மல்லிகைப்பந்தல்

தம்பி, படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அதே கேள்வி எதிர்ப்பக்கமும் எழுந்தது. மே 7 அன்று கோட்டை வீழ்ந்தது. அதற்கு முந்தைய இரவு எலியான் குன்றின் அடியில் சுரங்கம் தோண்டி ஒரு டன் அளவு வெடிமருந்தை வெடித்தார்கள். கைதானவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போனார்கள். பசியிலும் நோயிலும் பல ஆயிரம் பேர் மாண்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 3,300 பேர். வெற்றி பெற்றவர்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிரெஞ்சுப் பக்கம் நின்ற வியட்நாமியக் கைதிகளில் பலர் என்ன ஆனார்கள் என்ற தகவலே இல்லை. முகாம்களில் அல்ஜீரிய, மொராக்கோக் கைதிகளைத் தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள்: உங்கள் நாடும் அடிமைதானே, யாருக்காகச் சண்டையிட்டீர்கள்? அதே ஆண்டு நவம்பர் 1 அன்று அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது.

நெடுவழி

1954 நவம்பர் 1! புதுச்சேரியும் காரைக்காலும் இந்திய நிர்வாகத்துக்கு மாறிய அதே நாள் அல்லவா? அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். உங்கள் தாத்தா அன்று எங்கே இருந்தார், தம்பி?

அரசலாற்றங்கரை

சைகோனில்தான், ஐயா. பிரெஞ்சுச் சீருடையில். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு எழுதுகிறேன். ஊர் கைமாறிய செய்தி அவருக்குச் சில நாள் கழித்து ஒரு செட்டியார் கடையில் கிடைத்திருக்கிறது. அப்போது துறைமுகத்தில் வடக்கிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். போரை நிறுத்திய ஜெனீவா உடன்பாட்டில் நாடு 17-ஆம் அட்சரேகையில் பிரிந்த பிறகு, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே வந்த நேரம். கைக்குழந்தையும் சட்டிபானையுமாக இறங்கியவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையில் தாத்தாவைப் போட்டிருந்தார்களாம்.

உடன்பாட்டைக் கண்காணிக்க இந்தியா தலைமையில் கனடாவும் போலந்தும் சேர்ந்த ஆணையம் வந்ததல்லவா, அதில் வந்த இந்தியச் சிப்பாய் ஒருவர் இவரைத் தமிழ் முகம் என்று கண்டுகொண்டு, "எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறார். தாத்தா "காரைக்கால்" என்றாராம். "அப்படியானால் நம்ம ஊர்தான்" என்று அந்தச் சிப்பாய் தோளில் கை போட்டாராம். தாத்தாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

அவருடைய தகரப்பெட்டி அப்பாவிடம் இருக்கிறது. உள்ளே ஓய்வூதியப் புத்தகமும் மூன்று புகைப்படங்களும். ஒன்றில் கிடங்கு வாசலில் வரிசையாகச் சிலர் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஓரத்தில் தாத்தா. அந்தப் பையன் அதில் இருக்கிறானா என்று அப்பாவுக்கும் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது படத்தை ஒளிவருடி இங்கே ஏற்றுகிறேன்.